தெற்கு கலிபோர்னியா வசந்தம்: பள்ளத்தாக்கு, மலை, பாலைவனம் மூன்றுக்கும் ஒரே வானிலையா?

வாசகர் கேள்வி, மார்ச் 5

"மார்ச் கடைசி வாரம் பிள்ளைகளுக்கு ஸ்பிரிங் பிரேக். சிகாகோவிலிருந்து வருகிறோம். ரிவர்சைடில் தங்கை வீட்டில் தங்கி ஒரு நாள் பிக் பேர், ஒரு நாள் பாம் ஸ்பிரிங்ஸ், ஒரு நாள் அன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவில் பூ பார்ப்பது என்று திட்டம். எல்லாமே காரில் ஒன்றிரண்டு மணி நேரத் தூரம்தான். போனில் பார்த்தால் மூன்று இடத்துக்கும் சூரியன் படம். ஸ்வெட்டரை எல்லாம் சிகாகோவிலேயே வைத்துவிட்டு வரலாம் என்கிறார் என் கணவர். கலிபோர்னியாவில் மார்ச் என்றால் வெயில்தானே?"

மார்ச் 5, இரவு

ஸ்வெட்டர் வேண்டும். காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் அதைவிட முக்கியமாக வேண்டும்.

நீங்கள் சொன்ன இடங்கள் வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உயரத்தில் அப்படி இல்லை. ரிவர்சைட் கடல் மட்டத்திலிருந்து 800 அடி சொச்சம். பிக் பேர் ஏரி 6,700 அடிக்கு மேல். பாம் ஸ்பிரிங்ஸ் 500 அடிக்கும் கீழே, அங்கிருந்து இன்னும் கிழக்கே போனால் இண்டியோவில் நீங்கள் கடல் மட்டத்துக்கே கீழே இறங்கிவிடுவீர்கள். ஆயிரம் அடி ஏறினால் சராசரியாக மூன்றரை டிகிரி குறையும். காற்று உலர்ந்திருக்கும் மதிய நேரத்தில் ஐந்தரை டிகிரி வரைகூடக் குறையும். (நான் எழுதுவது எல்லாம் பாரன்ஹீட், அடி, மைல். இங்கே அதுதான் புழக்கம்.) அதாவது ரிவர்சைடில் 70 என்றால் பிக் பேரில் அதே மதியம் 45 இருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சூரியன் படம் இரண்டு இடத்துக்கும் பொருந்தும். உடம்புக்குத்தான் பொருந்தாது.

இதை நேரில் உணர வேண்டுமானால் பாம் ஸ்பிரிங்ஸில் 1963 முதல் ஓடுகிற கம்பிவட டிராமில் ஏறுங்கள். கீழ் நிலையம் 2,643 அடி, மேல் நிலையம் 8,516 அடி. பத்து நிமிடம்தான். கீழே அரைக்கைச் சட்டையோடு வரிசையில் நின்ற குழந்தைகள் மேலே கதவு திறந்ததும் அப்பாவின் கைக்குள் ஒட்டிக்கொள்வதை வசந்த காலத்தில் அங்கே எந்த நாள் போனாலும் பார்க்கலாம். முப்பது டிகிரி வித்தியாசம் அங்கே சர்வசாதாரணம்.

மார்ச் 6

"எந்த இணையதளத்தில் பார்ப்பது" என்று கேட்டவருக்கு. தேசிய வானிலை சேவையின் தளத்தையே பாருங்கள், தனியார் ஆப் வேண்டாம். ரிவர்சைட், பிக் பேர், பாம் ஸ்பிரிங்ஸ், பொரேகோ எல்லாமே அவர்களுடைய சான் டியேகோ அலுவலகத்தின் பொறுப்பு. கடற்கரை, பள்ளத்தாக்கு, மலை, பாலைவனம் என்று பிரித்துத்தான் எழுதுவார்கள். ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் பள்ளத்தாக்கு என்று எழுதினால் மலைக்கு மேற்கே, கடல் பக்கம் இருக்கிற ரிவர்சைட், டெமெக்குலா போன்ற ஊர்கள். பாம் ஸ்பிரிங்ஸ் இருக்கும் கோச்செல்லா பள்ளத்தாக்கு பாலைவனக் கணக்கில் வரும். பள்ளத்தாக்கு 72 டிகிரி என்று படித்துவிட்டு பாம் ஸ்பிரிங்ஸில் 90-இல் போய் நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. ஊர் பெயரைத் தட்டச்சு செய்வதோடு நிறுத்தாதீர்கள். வரைபடத்தில் நீங்கள் போகிற இடத்தின் மேலேயே சொடுக்குங்கள். அந்தப் புள்ளியின் உயரத்தையும் அடியில் காட்டும். மலையில் ஒரே ஊருக்குள் ஆயிரம் அடி ஏற்ற இறக்கம் இருக்கும், அதனால் அந்த உயரத்தைப் பார்க்காமல் வெப்பநிலையை மட்டும் படிப்பதில் அர்த்தம் இல்லை.

மார்ச் 9

வசந்தத்தில் நான் முதலில் பார்ப்பது காற்று. வெப்பநிலை அப்புறம்தான். இதை ஏன் தனியாக எழுதுகிறேன் என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் போட்ட மற்றவர்கள் எல்லோரும் குளிரா வெயிலா என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ரிவர்சைடிலிருந்து பாம் ஸ்பிரிங்ஸ் போகும் ஐ-10 நெடுஞ்சாலை சான் கோர்கோனியோ கணவாய் வழியாகப் போகிறது. வடக்கே 11,503 அடி சான் கோர்கோனியோ சிகரம், தெற்கே 10,834 அடி சான் ஹசின்டோ சிகரம், நடுவில் 2,600 அடி உயரத்தில் ஒரு சந்து. கடலோரக் குளிர்ந்த காற்றுக்கும் பாலைவனத்தின் சூடான காற்றுக்கும் நடுவில் அவ்வளவு தூரத்துக்கு வேறு நல்ல வழி கிடையாது. மார்ச், ஏப்ரலில் பாலைவனத் தரை சீக்கிரம் சூடாகிறது, பசிபிக் தண்ணீரோ இன்னும் குளிர்காலக் குளிரிலேயே இருக்கிறது. பாலைவனத்தில் சூடான காற்று மேலே எழும்ப எழும்ப அங்கே அழுத்தம் குறைகிறது. கடல் காற்று அந்தச் சந்து வழியாகப் பாய்கிறது. இதோடு வடக்கிலிருந்து ஒரு தாழ்வழுத்தமும் கடந்து போனால் கேட்கவே வேண்டாம். அங்கே காற்றாலைகளைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தி வைத்திருப்பது அதனால்தான்.

ஒயிட்வாட்டர் பக்கம் ஒரு முறை பெட்ரோல் போட நிறுத்தினோம். என் மாமனார் முன் சீட்டில் இருந்தார். நான் சொல்வதற்குள் கதவைத் திறந்துவிட்டார். காரின் பின்பக்கம் காற்றுப் பக்கமாக இருந்தது. கதவு அவர் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போய் முன்பக்கம் மடங்கி, கீல் வளைந்து, திரும்ப மூடவே இல்லை. அவர் தோளிலும் நல்ல சுளுக்கு. கதவின் மேல் விளிம்பைத் துண்டால் கட்டி, உள்ளேயிருந்து ஒருவர் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அன்றைய படமும் சூரியன்தான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் எங்கே நிறுத்தினாலும் காரின் முகம் காற்றைப் பார்த்து இருக்கிற மாதிரி நிறுத்துகிறேன், ஒரு கதவைத் திறந்தால் இன்னொன்று மூடியிருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

முன்னறிவிப்பில் சராசரி வேகத்தை விட்டுவிட்டு வீச்சு வேகத்தை, அதாவது திடீரென்று வந்து அறைகிற காற்றின் வேகத்தைப் படியுங்கள். 25 மைல் காற்று, 50 மைல் வீச்சு என்று போட்டிருந்தால் கதவைப் பிடுங்குவது அந்த 50.

மார்ச் 9, சற்று நேரம் கழித்து

சாலைகள் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. பாம் ஸ்பிரிங்ஸுக்குள் நுழையும் இந்தியன் கேன்யன் டிரைவ், ஜீன் ஆட்ரி டிரெயில் இரண்டும் ஒயிட்வாட்டர் ஆற்றுமணலைக் குறுக்கே கடக்கின்றன. பலத்த காற்றில் மணல் சாலைமேல் ஏறி, எதிரே வரும் வண்டி தெரியாமல் போய், மூடிவிடுவார்கள். ஜிபிஎஸ் அந்த வழியையே காட்டிக்கொண்டிருக்கும். ஐ-10-லேயே இன்னும் கிழக்கே போய் வேறு வழியாகத் திரும்பி வர வேண்டியதுதான். முன் கண்ணாடி மணலில் பட்டுச் சொரசொரப்பாகிவிடும், அதனால் வாடகைக் கார் என்றால் எடுக்கும்போதே கண்ணாடியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 12

"இதுதானே சான்டா ஆனா காற்று" என்று ஒருவர் கேட்டிருக்கிறார், இரண்டு பேர் ஆமாம் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். இல்லை. திசையே நேர் எதிர். சான்டா ஆனா வடகிழக்கிலிருந்து, பாலைவன மேட்டு நிலத்திலிருந்து கடலை நோக்கி வருவது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான் அதன் ஆட்டம். மார்ச்சிலும் எப்போதாவது வரும், வந்தால் கஹோன் கணவாய் வழியாக இறங்கி ஃபான்டானா, ரிவர்சைட் பக்கம் அடிக்கும். அன்று பள்ளத்தாக்கில் 85 டிகிரி, கடற்கரையிலும் சூடு, உதடு வெடிக்கும். நான் மேலே சொன்ன வசந்தக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே போவது. அது அடிக்கும் நாளில் ரிவர்சைடில் இதமாக இருக்கும், மேகமூட்டம்கூட இருக்கும். அடி வாங்குவது கணவாயும் மலையின் பாலைவனப் பக்கச் சரிவும்.

எந்தப் பக்கக் காற்று என்று தெரிந்துகொண்டால் அன்றைக்கு எந்த ஊரில் தப்பிக்கலாம் என்று தெரிந்துவிடும். பெயரைக் குழப்பிக்கொண்டால் நேராக அதன் வாயிலேயே போய் விழுவோம்.

மார்ச் 13

ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு வரும் பெரிய பயண வண்டி) எடுத்துக்கொண்டு சான் டியேகோவிலிருந்து ஐ-8 வழியாக வருகிறவருக்கு. மலையைத் தாண்டிப் பாலைவனத்துக்கு இறங்கும் இன்-கோ-பா சரிவில் மேற்குக் காற்று பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் மாறி மாறித் தள்ளும். உயரமான வண்டிகளுக்கு எச்சரிக்கை போட்டிருந்தால் அது உங்களுக்குப் போட்டது. ஒரு நாள் தள்ளிப் போங்கள்.

மார்ச் 16

இன்றைக்கு மலையைப் பற்றி. "மார்ச் கடைசியில் பனியா, சும்மா பயமுறுத்தாதீர்கள்" என்று எழுதியவர் 2023-ஐ மறந்துவிட்டார். பிப்ரவரி கடைசியில் சான் பெர்னார்டினோ மலைக்கு சான் டியேகோ அலுவலகம் தன் வரலாற்றிலேயே முதல்முறையாகப் பனிப்புயல் எச்சரிக்கை விடுத்தது. மார்ச் 1 அன்று ஆளுநர் 13 மாவட்டங்களுக்கு அவசரநிலை அறிவித்தார். கிரெஸ்ட்லைன், லேக் ஆரோஹெட், ரன்னிங் ஸ்பிரிங்ஸ் ஊர்களில் கூரைகள் பனிப் பாரத்தில் இடிந்தன, ஒரு வாரத்துக்கு மேல் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள் பலர். மருந்துக்கும் உணவுக்கும் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் நடந்த கதை இது. எல்லா வருடமும் அப்படி வராது. ஆனால் மார்ச்சில் மலைக்கு ஒரு நல்ல பனிப்பொழிவு வருவது இயல்பு, ஏப்ரலிலும் வரும்.

முன்னறிவிப்பில் "பனி மட்டம்" என்று ஒரு எண் இருக்கும். அந்த உயரத்துக்கு மேலே பனி, கீழே மழை. 7,000 அடி என்றால் பிக் பேர் ஏரிக்கரையில் மழையாகவே போகலாம். 4,500 என்றால் ஏறுகிற வழி முழுக்கப் பனி. நான் பார்ப்பது அந்த எண் மழை பெய்யும் நேரத்தில் எவ்வளவு என்பதை. காலையில் 7,000, இரவில் 4,000 என்று இறங்கும், முக்கால்வாசி ஈரம் காலையிலேயே கொட்டிவிட்டால் பனி கொஞ்சம்தான் விழும். மாறாகக் குளிர் முதலில் வந்து ஈரம் பின்னால் வந்தால் அன்றைக்கு 18, 38, 330 எந்தச் சாலையிலும் ஏறாதீர்கள்.

பனியில் டயருக்குக் கட்டுகிற சங்கிலி விஷயம். ஆர்-1, ஆர்-2, ஆர்-3 என்று பலகை வைப்பார்கள். ஆர்-1 என்றால் சங்கிலி கட்ட வேண்டும், பனி டயர் இருந்தால் விலக்கு. ஆர்-2 என்றால் நான்கு சக்கர இயக்கமும் நான்கிலும் பனி டயரும் உள்ள வண்டிக்கு மட்டும் விலக்கு. ஆர்-3 என்றால் யாருக்கும் விலக்கு இல்லை, அதற்கு முன்னாலேயே பெரும்பாலும் சாலையை மூடிவிடுவார்கள். விலக்கு இருந்தாலும் சங்கிலி வண்டியில் இருக்க வேண்டும். மலையடிவாரத்தில் போய் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள், தேவைப்படும் நாளில் அங்கே தீர்ந்துபோயிருக்கும்.

மார்ச் 16, பின்னிரவு

பனி விழும் நாளைவிட அதற்கடுத்த வெயில் நாட்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. மதியம் உருகும், இரவில் உறையும், மறுநாள் காலை கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும். சான் ஹசின்டோ, பால்டி மலைகளில் வடக்குப் பார்த்த சரிவுகளில் சறுக்கி விழுந்து உயிர்போவது இந்த மாதிரி அழகான நாட்களில்தான். டிராம் மேல் நிலையத்திலிருந்து உள்ளே நடக்கப் போகிறவர்கள் ஓடுகிற ஷூவோடு போகாதீர்கள். ஷூவுக்குக் கீழே மாட்டுகிற ஆணிச் சங்கிலி, அது இல்லையென்றால் நிலையத்தைச் சுற்றியே நின்று பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள். குழந்தைகளோடு போகும்போது இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மெக்சிகோ எல்லையில் காம்போவிலிருந்து வடக்கே நடக்கிற பசிபிக் கிரெஸ்ட் நெடுந்தூர நடைபாதைக்காரர்களில் நிறையப் பேர் ஏப்ரலில்தான் கிளம்புகிறார்கள். சான் ஹசின்டோவில் ஃபுல்லர் ரிட்ஜில் பனியைத் தாண்டி, ஏழாயிரம் அடிக்கு மேல் இறங்கி, ஸ்னோ கிரீக்கில் மணல் காற்றுக்குள் வந்து சேர்வார்கள். மேலே விரல் விறைத்தவருக்குக் கீழே தண்ணீர் போதாமல் தலை சுற்றும். மலைக்கும் பாலைவனத்துக்குமான இரண்டு முன்னறிவிப்பையும் ஒரே பையில் சுமந்துகொண்டு போகிறவர்கள் அவர்கள்.

மார்ச் 20

கேட்ட குடும்பத்தின் வாரம் நெருங்குகிறது. மூன்று நாளாக முன்னறிவிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது, முதலில் மழை இல்லை, அப்புறம் 60 சதவீதம், இன்று 30. "இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று கோபப்பட்டிருக்கிறார் ஒருவர். எனக்கு அந்தக் கோபம் இல்லை.

வசந்தத்தில் வருகிற தாழ்வழுத்தங்களில் ஒரு வகை, மேல்காற்றோட்டத்திலிருந்து துண்டித்துக்கொண்டு தனியே அலையும். அதை இழுத்துப் போக ஆள் இல்லை. கடலில் ஒரு நாள் நின்று சுழலலாம், தெற்கே பாஹா பக்கம் நழுவலாம், திடீரென்று உள்ளே வரலாம். நூறு மைல் மேற்கே நின்றால் நமக்கு நல்ல மழை, நூறு மைல் கிழக்கே போனால் வெறும் காற்று. அதே கதைதான் வடக்கிலிருந்து நிலத்தின் மேலேயே சறுக்கி இறங்குகிற தாழ்வழுத்தத்துக்கும். கடல் ஈரத்தை எடுக்காமல் வருவதால் மழை பேருக்குத்தான், குளிரும் காற்றும் பலமாக இருக்கும். ஐந்து நாள் முன்னால் இவற்றில் எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கணினி மாதிரிகளைச் சற்றே வேறுபட்ட தொடக்க நிலைகளோடு பல முறை ஓட்டிப் பார்க்கிறார்கள், அதில் எத்தனை மழை காட்டுகிறது என்பதையும் பார்த்துத்தான் அந்தச் சதவீதத்தை எழுதுகிறார்கள். 60 என்பது 30 ஆனால் அவர்கள் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டார்கள் என்று அர்த்தம்.

படத்தைவிட எனக்கு உதவுவது அந்த அலுவலகம் தினமும் எழுதுகிற முன்னறிவிப்பு விளக்க அறிக்கை (Area Forecast Discussion). எந்த மாதிரி என்ன சொல்கிறது, எதில் நம்பிக்கை இருக்கிறது, எதில் இல்லை என்று வேலை பார்க்கிற வானிலையாளரே வாக்கியமாக எழுதியிருப்பார். முதல் தடவை படிக்கும்போது கஷ்டமாக இருக்கும். ஒரு வாரம் தொடர்ந்து படித்தால் பழகிவிடும்.

மார்ச் 21

மழை எங்கே விழும் என்பதைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. சான் டியேகோ நகரத்துக்கு ஆண்டு சராசரி சுமார் 10 அங்குலம். மலைமேல் ஐடில்வைல்டுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். மலையைத் தாண்டி மறுபக்கம் பாம் ஸ்பிரிங்ஸுக்கு 5 அங்குலம். ஐடில்வைல்டும் பாம் ஸ்பிரிங்ஸும் ஒரே மலையின் இரண்டு பக்கம். மேற்கிலிருந்து ஏறுகிற காற்று குளிர்ந்து கொட்டிவிடுகிறது, கிழக்கே இறங்கும்போது அமுங்கிச் சூடாகி மேகமே கரைந்துவிடுகிறது. அதனால் பள்ளத்தாக்குக்கு மழை 60 சதவீதம் என்றால் பாலைவனத்துக்கு 20 என்று போட்டிருப்பார்கள். அது கணிப்பில் குழப்பம் இல்லை, மலையின் வேலை.

விதிவிலக்கு உண்டு. 2019 பிப்ரவரி 14 அன்று தெற்கிலிருந்து ஈரம் நிறைந்த வளிமண்டல ஆறு, அதாவது ஆறுபோல நீண்ட ஈரக்காற்றுப் பட்டை வந்தது. பாம் ஸ்பிரிங்ஸில் ஒரே நாளில் மூன்றரை அங்குலத்துக்கு மேல். டிராமுக்குப் போகும் சாலையும் ஐடில்வைல்டுக்குப் போகும் 243, 74 சாலைகளும் அரித்துக்கொண்டு போயின. காற்று தென்மேற்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ நேராக வந்தால் மலை மறைப்பு முழுதாக உதவாது. அறிக்கையில் காற்றின் திசையைத் தேடுவதற்கு இது இன்னொரு காரணம்.

மார்ச் 23

யோசித்துப் பார்த்தால் முதல் நாளே நான் இதைச் சொல்லியிருக்கலாம். திங்கள் பிக் பேர், செவ்வாய் பாம் ஸ்பிரிங்ஸ் என்று நாளைப் பூட்டி வைக்காதீர்கள். ரிவர்சைடில்தானே தங்குகிறீர்கள். தாழ்வழுத்தம் வருவதற்கு முந்தின நாள் காற்று ஏறத் தொடங்கும், அன்று பாலைவனம் வேண்டாம், பள்ளத்தாக்கிலேயே சுற்றுங்கள். ரிவர்சைடில் ஆரஞ்சு பூத்திருக்கும் நேரம், 1873-இல் எலைசா டிபெட்ஸ் நட்ட நேவல் ஆரஞ்சுத் தாய் மரம் இன்னும் மேக்னோலியா அவென்யூவில் நிற்கிறது, அதைப் போய்ப் பாருங்கள். தாழ்வழுத்தம் கடந்து போகும் நாளில் வீட்டில் இருங்கள். மறுநாள் காற்று அடங்கியதும் பொரேகோ. அதற்கும் இரண்டு நாள் கழித்து, சாலையைச் சுத்தம் செய்தபிறகு, பிக் பேர். பிள்ளைகளுக்குப் பனியும் கிடைக்கும், வெயிலும் கிடைக்கும்.

மார்ச் 25

பூவைப் பற்றித் தனிச் செய்தியில் நிறையப் பேர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே.

அன்சா-பொரேகோவில் 2017, 2019 மாதிரி தரை தெரியாமல் பூப்பது எல்லா வருடமும் நடக்காது. இலையுதிர் காலத்திலேயே ஒரு நல்ல மழை விழுந்து விதையை எழுப்ப வேண்டும், அப்புறம் குளிர்காலம் முழுக்க இடைவெளி விட்டு மழை வர வேண்டும், பிப்ரவரி, மார்ச்சில் சூடான உலர்ந்த காற்று அடிக்காமல் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் ஆங்காங்கே திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். மார்ச் கடைசியில் 95 டிகிரி இரண்டு நாள் தொடர்ந்து அடித்தால் மணல்வெளிப் பூ ஒரு வாரத்தில் கருகிவிடும். இதற்கு நடுவில் வெள்ளை வரி அந்துப்பூச்சியின் புழுக்கள் வேறு. கட்டைவிரல் பருமனில் பச்சையும் மஞ்சளும் கறுப்புமாக ஆயிரக்கணக்கில் ஊர்ந்துவந்து செடியை மொட்டையடித்துவிடும். அவற்றைத் தின்ன ஸ்வெயின்சன் பருந்துகள் தென்னமெரிக்காவிலிருந்து வடக்கே போகும் வழியில் கூட்டமாக இறங்குகின்றன. பூ இல்லாத வருடத்திலும் அதைப் பார்ப்பதற்கென்றே போகலாம்.

லேக் எல்சினோர் பக்கத்து ஆரஞ்சு பாப்பி மலைக்கு வேறு கணக்கு. அது பாலைவனம் இல்லை, பள்ளத்தாக்கு. குளிர்ந்த காற்றிலும் மேகமூட்டத்திலும் பாப்பி இதழ்களைச் சுருட்டிக்கொள்ளும். காலையில் போய் "ஒன்றும் இல்லையே" என்று திரும்பியவர்கள் மதியம் போயிருந்தால் மலையே நிறம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். 2019 மார்ச்சில் வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் நகர நிர்வாகம் வழியை மூட வேண்டி வந்தது. பாதையைவிட்டு இறங்கிப் படம் எடுக்காதீர்கள். மிதித்த இடம் மறு வருடமும் மொட்டையாகவே கிடக்கும், எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஏப்ரல் 1

கேள்வி கேட்டவர் ஊர் திரும்பி எழுதியிருக்கிறார். பாம் ஸ்பிரிங்ஸ் நாளை மாற்றிக்கொண்டார்கள், பொரேகோவில் பூ சுமார்தான், ஆனால் ஒகோட்டியோ செடி நுனியெல்லாம் சிவப்பாக இருந்ததாம். பிக் பேரில் பிள்ளைகள் பனியில் விளையாடியிருக்கிறார்கள். அவர் கணவர் தங்கை வீட்டுக்காரரின் ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாராம்.

அவர் எழுதியதில் எனக்கு ஒரு வரி பிடித்திருந்தது. "ரிவர்சைடில் காலையில் மேகம் தாழ்வாக இருந்த அன்றுதான் கணவாயில் கார் ஆடியது, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?" உண்டு. அதை விரிவாக எழுதுகிறேன், கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

ஏப்ரல் 8

அதற்கு முன்னால் விவசாயம் செய்கிறவர் ஒருவர் கேட்டதற்குப் பதில். இரவுக் குளிர் பள்ளத்தாக்கின் அடியில்தான் அதிகம். காற்றில்லாத தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, அதன்மேல் உள்ள காற்றும் குளிர்ந்து, கனமாகிச் சரிவில் வழிந்து தாழ்வான இடத்தில் தேங்குகிறது. மேட்டில் 38 இருக்கும்போது அடியில் 30 இருக்கலாம். அதாவது மேலே போகப் போகக் குளிர் என்று மார்ச் 5 அன்று நான் எழுதியது பகல் கணக்கு, இரவில் முதல் சில நூறு அடிக்குத் தலைகீழ். ஆரஞ்சுத் தோப்புகளைச் சரிவில் வைத்தது இதற்காகத்தான். டெமெக்குலா திராட்சைத் தோட்டங்களில் உயரமான கம்பத்தில் விசிறி நிற்கும், மேலே இருக்கிற வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளிக் கலக்க. 4,200 அடியில் ஜூலியனில் ஆப்பிள் பூத்திருக்கும்போது ஒரு இரவு 27-க்குப் போனால் அந்த வருடக் காய்ப்பே அடிபடும். நமக்கு ஜாக்கெட் போடலாமா என்கிற கேள்வி, அவர்களுக்கு வருடச் சம்பாத்தியம்.

கோச்செல்லாவில் பேரீச்சைக்காரர்களுக்கும் இதே மாதங்கள்தான் முக்கியம். ஆண் மரத்து மகரந்தத்தை எடுத்துக்கொண்டு ஆட்கள் ஒவ்வொரு பெண் மரமாக ஏறித் தூவுகிறார்கள். நாற்பது மைல் காற்றில் ஏணிமேல் நின்று செய்கிற வேலை அது.

மே 3

சொன்னபடி, மேகத்துக்கும் கணவாய்க்கும் உள்ள சம்பந்தம். இந்த இழையிலேயே எனக்கு இதுதான் முக்கியம்.

மே வந்துவிட்டது. கடற்கரையில் "மே கிரே" (மே மாதச் சாம்பல் மேகமூட்டம்) தொடங்கியாயிற்று. குளிர்ந்த கடல்நீரின் மேலே உள்ள காற்று குளிர்ந்து ஈரமாகக் கிடக்கிறது, அதற்கு மேலே சூடான உலர்ந்த காற்று மூடிபோல உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குளிர்ந்த அடுக்கு ஆயிரம் அடி தடிமன் என்றால் மேகம் கடற்கரையோடு நின்றுவிடும். தாழ்வழுத்தம் ஒன்று பக்கத்தில் வரும்போது அது இரண்டாயிரம், மூவாயிரம் அடிக்குத் தடிக்கும். அப்போது ரிவர்சைட் வரை வந்து மலையில் முட்டும். அன்று ரிவர்சைடில் எழுந்தால் சாம்பல் வானம், 58 டிகிரி, புல்லில் ஈரம். கிரெஸ்ட்லைன் பக்கம் மலை விளிம்புச் சாலையில் ஏறிப் பாருங்கள், நீல வானம், காலடியில் மேகம் வெள்ளையாகப் பரந்து கிடக்கும்.

மலை விளிம்பு முழுவதும் தடுத்து நிற்க, அந்தத் தடித்த அடுக்குக்குத் தாழ்வான ஒரே வாசல் கணவாய்தான். மூவாயிரம் அடிக்குக் கிட்டே தடித்த குளிர்காற்று 2,600 அடி உயரமுள்ள வாசலில் வழிந்து, மறுபக்கம் 95 டிகிரி பாலைவனத்தை நோக்கிச் சரிகிறது. இறங்கும்போது மேகம் கரைந்துவிடும், வேகம் மட்டும் மிச்சம். அதனால்தான் ரிவர்சைடில் மேகம் தாழ்ந்து கனத்திருக்கும் அன்று பாம் ஸ்பிரிங்ஸின் வடக்குப் பக்கத்தில் மணல் பறக்கிறது, வானம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. ஏப்ரலில் இண்டியோ இசைவிழாவுக்குப் போய்த் தூசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர்கள் அன்று காலை கடற்கரையில் வானம் எப்படி இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள்.

ஆக, பள்ளத்தாக்கு, மலை, பாலைவனம் என்று மூன்று முன்னறிவிப்பையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள். மூன்றும் ஒரே காற்றின் பயணம். நான் இப்போது வழக்கமாகச் செய்வது இதுதான். பள்ளத்தாக்கு முன்னறிவிப்பில் "காலையில் மேகமூட்டம், மதியத்துக்குமேல் விலகும்" என்று இருந்தால் சரி, பாலைவனத்தில் மாலைக் காற்று மிதம். "நாள் முழுதும் மேகமூட்டம், தூறலும் இருக்கலாம்" என்று இருந்தால் கணவாய்ப் பக்கம் போகிற வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்கிறேன். அந்த மேற்குக் காற்று மாலையிலும் முன்னிரவிலும்தான் உச்சத்துக்குப் போகும்.

மே 4

"அப்படியானால் பள்ளத்தாக்கில் மேகம் இல்லாத நாளில் காற்றும் இருக்காதா" என்று கேட்டவருக்கு. இருக்கும். நிலத்தின் மேல் சறுக்கி வருகிற தாழ்வழுத்தம் பற்றி மார்ச் 20-இல் எழுதினேனே, அது மேகம் இல்லாமலே காற்றைக் கொண்டுவரும். மேகம் தடித்தால் கணவாயில் காற்று என்பது சரி, மேகம் இல்லாவிட்டால் காற்று இல்லை என்பது சரி இல்லை. எப்படியானாலும் எச்சரிக்கைப் பக்கத்தை ஒரு பார்வை பாருங்கள். பொதுவாக 58 மைலும் அதற்கு மேலும் வீச்சு எதிர்பார்த்தால்தான் பலத்த காற்று எச்சரிக்கை விடுவார்கள், அதற்குக் கீழே உள்ளது அறிவுறுத்தல். அறிவுறுத்தல்தானே என்று கதவை அலட்சியமாகத் திறக்காதீர்கள்.

மே 9

புதிதாக வந்தவர், மே கடைசியில் டெத் வேலி போகலாமா என்கிறார். அது இந்த அலுவலகத்தின் எல்லைக்கு வடக்கே, லாஸ் வேகாஸ் அலுவலகம் எழுதுவது. அங்கே இதே பாடம் இன்னும் பெரிய அளவில். பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே, எதிரே டெலஸ்கோப் சிகரம் 11,049 அடி. மார்ச்சில் கீழே சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றுகொண்டு மேலே பனியைப் பார்க்கலாம். மே கடைசியில் கீழே 100-ஐத் தாண்டுவது சாதாரணம், இரவிலும் சூடு முழுதாகத் தணியாது. கட்டாயம் அந்த வாரம்தான் என்றால் உப்புத்தரை நடையைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டு, பகலை மேலே வைல்ட்ரோஸ் பக்கம் மலையில் கழியுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் தண்ணீருக்குக் குறையாமல் வண்டியில் வையுங்கள், சிக்னல் கிடைக்காது என்று நினைத்தே கிளம்புங்கள். தேதியைத் தள்ளிப்போட முடிந்தால் நவம்பருக்குத் தள்ளுங்கள்.